கேப் பத்திரமாக இருக்கிறது, உள்ளே பல் எப்படி இருக்கிறது?



"சார், கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி கேப் போட்டிருக்கேன். எத்தனை வருஷம் தாங்கும்?" என்று நம் பழைய மாணவர் ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் "எனக்கும் போட்டிருக்கு", "எனக்கு ரெண்டு" என்று வரிசையாகப் பதில்கள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் எல்லாம் கேப் போடும் வயதுக்கு வந்துவிட்டீர்கள்! "பத்து வருஷம் கியாரண்டியாம்" என்று ஒருவர், "சிர்கோனியா போட்டா ஆயுசுக்கும் போதும்" என்று இன்னொருவர்.

நான் பல் மருத்துவன் அல்ல, சரித்திர வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாக வாசியுங்கள். கேப் தானாகக் கெட்டுப்போவது குறைவு. கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும் நம் சொந்தப் பல், அல்லது அதைப் பிடித்திருக்கும் ஈறு. அந்தக் கேடு தொடங்குவது கேப் முடிந்து பல் தொடங்கும் இடத்தில், ஈறை ஒட்டி ஓடும் ஒரு மெல்லிய கோட்டில். அதை இந்தப் பதிவில் 'ஓரக் கோடு' என்று சொல்கிறேன். கடந்த 300 ஆண்டுகளில் மருத்துவர்கள் கேப்பை மாற்றினார்கள், பசையை மாற்றினார்கள், கருவிகளை மாற்றினார்கள். ஓரக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பல்லுக்கு உரியவருடையது.

இப்போது சரித்திரத்துக்குப் போவோம்.

பல்லில் தங்கம் வைக்கும் பழக்கம் மிகப் பழையது. இத்தாலியில் ரோமானியர்களுக்கு முன்னால் செல்வாக்கோடு வாழ்ந்த எட்ரஸ்கன் மக்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே தங்கத் தகட்டைப் பட்டையாக்கி முன்பற்களைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். விழுந்த பல்லின் இடத்தில் வேறொரு பல்லை வைத்து அந்தப் பட்டையால் பிடித்து வைத்தார்கள். கல்லறைகளில் கிடைத்தவற்றில் பல பெண்களுடையவை. அவை மென்று சாப்பிடுவதற்காக அல்ல, வசதியைக் காட்டும் அணிகலனாகவே அணியப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோமாபுரியில் கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு சுவையான விதி உண்டு. பிணத்தோடு தங்கத்தைப் புதைக்கக் கூடாது, ஆனால் பல்லைக் கட்டியிருக்கும் தங்கத்தை எடுக்க வேண்டியதில்லை என்கிறது அது. சட்டத்தில் விதிவிலக்கு எழுத வேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை தங்கப்பல் ஒரு கௌரவம். சிரித்தால் மின்ன வேண்டும். அடியில் இருக்கும் பல்லைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பல் மருத்துவம் ஒரு தனித் துறையானது பாரிஸ் நகரில். பியர் ஃபோஷார் என்பவர் 1728இல் பல் அறுவை மருத்துவம் பற்றி இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். அவரை இந்தத் துறையின் தந்தை என்பார்கள். பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்று உலகம் முழுக்க நம்பிய காலம் அது. நாம் இன்றும் "பூச்சி அரிச்ச பல்" என்றுதானே சொல்கிறோம்! ஃபோஷார் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். இனிப்பு பல்லுக்குக் கேடு என்றும் எச்சரித்தார். மேல்பகுதி உடைந்து வேர் மட்டும் மிஞ்சிய பல்லுக்கு அவர் ஒரு வழி சொன்னார். வேருக்குள் தங்கம் அல்லது வெள்ளியாலான சிறு முளையை இறக்கி, அதன் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவது. சூட்டில் இளகும் ஒரு பசையால் ஒட்டுவது. இன்று ரூட் கெனால் முடிந்ததும் 'போஸ்ட் வைக்கணும்' என்று சிலருக்குச் சொல்கிறார்களே, அதன் மூதாதை இதுதான். சில ஆண்டுகள் கழித்து, 1746இல், குளோத் மூட்டோன் என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் பல்லின் மேல் தங்க உறை மாட்டுவதை விவரித்தார். முன்பல் என்றால் உறையின் மேல் வெள்ளை எனாமல் பூசலாம் என்றும் சொன்னார்.

உலோக முளைக்குப் பதிலாக மரமுளை வைப்பதும் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. மரம் எச்சிலில் ஊறி உப்பும், வேரை இறுகப் பிடித்துக்கொள்ளும். நல்ல யோசனை போலத் தோன்றுகிறது அல்லவா? மரம் மேலும் உப்பினால் வேர் பிளந்துவிடும். பாறையைப் பிளக்க மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றும் கதைதான். மேலே வைத்த செயற்கைப் பல் நன்றாக இருக்க, கீழே சொந்த வேர் போனது. இந்தக் கதை இனி திரும்பத் திரும்ப வரும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1870களின் தொடக்கத்தில் மாரிசன் என்பவர் தையல் மிஷின் போலக் காலால் மிதித்து ஓட்டும் பல் துளைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். பல்லைச் சுற்றிலும் தேய்த்து வடிவம் கொடுப்பது அதனால் சாத்தியமானது. 1873இல் கலிபோர்னியாவின் பீர்ஸ் என்ற மருத்துவர் தங்க ஓட்டுக் கேப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1870களின் இறுதியில் சிங்க் பாஸ்பேட் பசை வந்தது. 1884க்குப் பிறகு வலி மரத்துப்போகும் ஊசியும் வந்தது. இவை எல்லாம் சேர்ந்ததும் கேப் ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. காப்புரிமைகளை வைத்திருந்த ஒரு கம்பெனி கேப் போடும் மருத்துவர்கள்மேல் வழக்கு மேல் வழக்காகப் போட்டது. அதை எதிர்க்க மருத்துவர்கள் 1888இல் சிகாகோவில் தனிச் சங்கமே அமைத்தார்கள்.

அந்த நாளைய கேப் எப்படி இருந்தது? மெல்லிய தங்கத் தகட்டை வளைத்து, ஒட்டி, பல்லின் மேல் தொப்பி போல அமுக்குவார்கள். தொப்பியின் விளிம்பு பல்லோடு படியாது. தொளதொளவென்று ஈறுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கில் சாப்பாடு சேரும், அழுகும். வெளியே பார்த்தால் தங்கம் பளபளக்கும். பல் சொத்தையாக இருந்தாலும், ஈறில் சீழ் இருந்தாலும், அப்படியே மூடி மேலே கேப் மாட்டியவர்களும் இருந்தார்கள்.

இது ஏன் ஆபத்து என்று விளக்கியவர் வில்லோபி மில்லர். அமெரிக்கரான அவர் பெர்லினில் ராபர்ட் காக்கின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிந்தவர். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே காக். 1890இல் வெளியிட்ட நூலில் மில்லர் சொன்னது இதுதான்: வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் சாப்பிடும் மாவையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. ஆகவே உணவும் கிருமியும் எங்கே ஒதுங்க இடம் கிடைக்கிறதோ அங்கே பல் கரையும். தொளதொளத்த கேப்பின் விளிம்பைவிட நல்ல ஒதுக்குப்புறம் அவற்றுக்கு வேறு எது?

1910ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். தங்கக் கேப்களையும் பிரிட்ஜ்களையும் அவர் கடுமையாகத் தாக்கினார். சீழின் மேல் எழுப்பிய தங்கச் சமாதி என்ற பொருளில் அவர் சொன்ன உவமை பல் மருத்துவ உலகையே உலுக்கிவிட்டது. சொன்னதில் பாதி சரி, அழுக்கான வேலை நோய் தரும். ஆனால் உடம்பில் எங்கே என்ன நோய் வந்தாலும் பல்தான் காரணம் என்று அதன்பின் ஓர் அலை கிளம்பியது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்றுவலியா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர் மனநோயாளிகளின் பற்களைக்கூடப் பிடுங்கினார். நல்ல பற்கள் கணக்கில்லாமல் போயின.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் எட்மண்ட் கெல்ஸ். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1896இல், பல்லைப் படம்பிடித்த முன்னோடி. மூடிய கேப்புக்கும் ஈறுக்கும் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண்ணை மருத்துவருக்குத் தந்தவர்களில் ஒருவர். கதிர்வீச்சின் கெடுதி அப்போது யாருக்கும் தெரியாது. அவருடைய விரல்கள் போயின, பிறகு கையே போனது. அப்படிப்பட்டவர், எக்ஸ்ரேயைச் சாக்காக வைத்து நல்ல பற்களைப் பிடுங்குவதை 1920இல் பெருங்குற்றம் என்றே கண்டித்தார். அடுத்த முறை பல் டாக்டர் "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்" என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேப்புக்கு அடியில் நடப்பதைப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை.

ஹண்டரின் தாக்குதலுக்கு முன்பே ஒரு நல்ல தீர்வு உருவாகியிருந்தது. 1907 ஜனவரியில் வில்லியம் டாகர்ட் என்ற இல்லினாய் மருத்துவர் நியூயார்க்கில் ஒரு முறையைச் செய்து காட்டினார். பல்லுக்குத் தேவையான வடிவத்தை மெழுகில் செய்வது, அதைச் சுற்றி மாவு போன்ற அச்சுப்பொருளை ஊற்றி இறுக விடுவது, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவது, அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தைச் செலுத்துவது. உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நாம் சுவாமிமலைக்குச் சுற்றுலா போனபோது ஸ்தபதிகள் காட்டினார்களே, அதே மெழுகு வார்ப்பு. சோழர் காலத்து நடராஜரும் கடைவாய்ப் பல்லின் தங்க உறையும் ஒரே தத்துவத்தில் பிறந்தவை! டாகர்ட் இதற்குக் காப்புரிமை கோரி வழக்காடினார். அயோவா மாநிலத்து ஃபில்புரூக் என்பவர் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே இதை எழுதிவைத்திருந்தது வெளிவந்து, காப்புரிமை செல்லாமல் போனது. அது மருத்துவர்களுக்கு நல்லதாயிற்று. தகட்டை வளைத்த காலம் போய், பல்லின் அச்சுக்கே வார்த்த கேப் வந்தது. விளிம்பு முதன்முறையாகப் பல்லோடு நெருங்கிப் படிந்தது.

அடுத்து அழகு. தங்கம் வேண்டாம், பல் நிறத்தில் வேண்டும் என்றார்கள். டெட்ராய்ட் நகரின் சார்லஸ் லேண்ட் 1880களின் கடைசியில் பீங்கான் கேப்பை உருவாக்கினார். 1927இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாக, நடுவில் எங்கும் இறங்காமல் விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? அவருடைய தாய்வழித் தாத்தாதான் இந்த லேண்ட். பீங்கான் அழகு, ஆனால் உடையும். உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்று இரண்டையும் உறுதியாக இணைக்கும் முறைக்கு 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இன்றும் நம்மில் பலர் வாயில் இருப்பது அந்த வகைதான்.

இப்போது எல்லாரும் கேட்கும் சிர்கோனியாவுக்கு வருவோம். இதில் நமக்குப் பக்கத்து ஊர்ச் சம்பந்தம் உண்டு. 1789இல் பெர்லினில் கிளாப்ராத் என்ற வேதியியலாளர் இலங்கையிலிருந்து போன சிர்க்கான் என்ற கல்லைப் பகுத்தாய்ந்தார். அதிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு பொருளைப் பிரித்தார். அதுதான் சிர்கோனியா. அதே சிர்க்கான் மணல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இருக்கிறது, அங்குள்ள மத்திய அரசு ஆலையில் பிரித்தெடுக்கிறார்கள். 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி கார்வியும் அவருடைய இரு கூட்டாளிகளும் இதன் ஒரு குணத்தை விளக்கினார்கள். இந்தப் பொருளில் விரிசல் கிளம்பினால், விரிசல் முனையில் உள்ள படிகங்கள் உருமாறிப் பெருத்து, விரிசலையே நெருக்கி நிறுத்துகின்றன. அதனால்தான் அவ்வளவு உறுதி. முதலில் இடுப்பு மூட்டுக்குப் போன சரக்கு, 2000க்குப் பிறகு பல்லுக்குப் பரவலாக வந்தது.

ஆக, கேப் மிக உறுதியாகிவிட்டது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இங்கேதான் ஒரு கணக்கு போட வேண்டும். 1971இல் மெக்லீன், ஃபான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர் வாயில் பொருத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளைப் பார்த்து, கேப்புக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 120 மைக்ரான்வரை ஏற்கத்தக்கது என்றார்கள். அதாவது 0.12 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். நம் கண்ணுக்கு அது கோடு. ஒரு பாக்டீரியாவின் அளவோ சுமார் 1 மைக்ரான். நூறு பாக்டீரியாக்கள் கைகோத்து அகலவாட்டில் நுழையக்கூடிய கோட்டை வாசல் அது! அந்த வாசலை அடைத்து நிற்பது வெறும் பசை. பழைய சிங்க் பாஸ்பேட் பசை அமிலத்தில் மெல்ல மெல்லக் கரையும். 1969 வாக்கில் லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் பசை பல்லோடு ஒட்டும், ஃபுளூரைடும் கசியவிடும். நல்ல முன்னேற்றம். ஆனாலும் அழுக்கும் சர்க்கரையும் அந்தக் கோட்டில் நாள்தோறும் தங்கினால் எந்தப் பசையும் காவல் காக்காது.

வயதானால் இன்னொரு சிக்கல். ஈறு சற்றுக் கீழிறங்கும், கேப்பின் விளிம்புக்குக் கீழே வேர் தெரியும். பல்லின் மேல்பகுதிக்கு எனாமல் கவசம் உண்டு, வேருக்குக் கிடையாது. எனாமல் கரைய pH சுமார் 5.5க்கு இறங்க வேண்டும், வேரோ 6க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். அதாவது லேசான புளிப்பே போதும்.

ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பும் இல்லை. உள்ளே சொத்தை பரவினாலும் கூசாது, வலிக்காது. எனக்கு அண்ணன் முறையாகும் உறவினர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. "கேப் போட்டாச்சு, இனி அந்தப் பல்லுக்குக் கவலையில்லே" என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பிரஷ்கூடச் சரியாகப் போகாது. ஒரு நாள் தோசை சாப்பிடும்போது கேப் கையோடு வந்துவிட்டது. கழுவிப் பார்த்தால் கேப் புதுசு மாதிரி மின்னுகிறது. அதற்குள்ளே ஒட்டிக்கொண்டு வந்த பல்லோ ஊறிப்போன பிஸ்கட் போல இருந்தது. மீண்டும் கேப் மாட்டப் பிடிமானமே மிஞ்சவில்லை, வேரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. 150 வருஷத்துச் சரித்திரம் ஒரே வாயில்.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? அதற்கும் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவர் ஒரு சோதனை செய்தார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலச் சரியானது. ஈறு நோய் வயதால் வருவதல்ல, படிந்த அழுக்கால் வருவது என்று அந்தப் பன்னிரண்டு பேர் காட்டினார்கள்.

அதே லோவும் அவருடைய குழுவும் செய்த இன்னொரு ஆய்வு நம்மவர்களைப் பற்றியது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயை 1970 முதல் 1985 வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பல் மருத்துவமும் கிடைத்ததில்லை, தடுப்பு முறைகளை யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. சொத்தைப் பல் அநேகமாக இல்லவே இல்லை! ஆனால் ஈறு? 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் பற்கள் எல்லாமே போயின. 81 பேருக்கு நடுத்தர வேகம், 45 வயதில் சராசரியாக 7 பற்கள் இல்லை. 11 பேருக்கு மட்டும் நோய் முற்றவில்லை. உலகெங்கும் ஈறு மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் கொழுந்து பறித்த நம் மக்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் பல்லை இழந்து உலகுக்குக் கற்பித்த பாடம்: பல் முழுசாக இருந்தாலும் ஈறு ஓரம் கவனிக்கப்படாவிட்டால் பல் போகும். நம் கேப்பின் ஓரக் கோடு ஓடுவதும் அதே ஈறு ஓரத்தில்தான்.

மறுபக்கத்துக்கு ஒரு சாட்சி. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்ஸெல்சனும் லிண்டேயும் 1972இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குப் பல்லிடுக்குவரை சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்து, அவரவர் தேவைக்கேற்ப இடைவெளி விட்டு அழைத்துப் பார்த்தார்கள். 30 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தால், ஒருவர் சராசரியாக இழந்தது இரண்டு பற்களுக்கும் குறைவு. அவர்கள் வாயில் அதிசயப் பொருள் எதையும் வைக்கவில்லை. செய்தது தினசரிச் சுத்தமும் விடாத பரிசோதனையும்.

இனி செய்ய வேண்டியவை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பழைய பழக்கம்தானே!

1. காலை, இரவு இரு வேளையும் மென்மையான பிரஷ், ஃபுளூரைடு பேஸ்ட். பிரஷை ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு சிறு அசைவாகத் தேய்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் மருத்துவர் சார்லஸ் பாஸ் 1940களிலும் 50களிலும் வகுத்த முறை இது. கேப்பின் மேல்புறத்தை மெருகேற்றி ஆவதொன்றும் இல்லை, ஓரக் கோட்டைத் தேய்க்க வேண்டும்.

2. பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூல் அல்லது இடுக்குக்கென்று விற்கும் சிறு பிரஷ், தினம் ஒரு முறை, இரவில். இது புதிய நாகரிகம் அல்ல. அதே நியூ ஆர்லியன்ஸில் லெவி பார்ம்லி என்ற பல் மருத்துவர் 1819இலேயே மெழுகு பூசிய பட்டு நூலை இடுக்கில் ஓட்டச் சொன்னார். குண்டூசி, துடைப்பக் குச்சி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

3. சாம்பல், செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி எல்லாம் வேரையும் பசை ஓரத்தையும் தேய்த்துவிடும். தாத்தா தேய்த்தார் என்றால், தாத்தாவுக்குக் கேப் இல்லை.

4. சர்க்கரை எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியம். ஒரு டம்ளர் காபியை ஒரு மணி நேரம் உறிஞ்சுவதும், வாயில் மிட்டாயோ பாக்கோ அடக்கிக்கொள்வதும் ஓரக் கோட்டுக்கு ஓயாத அமிலம். சாப்பிட்டதும் தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளியுங்கள்.

5. கல்போன்ற சீடை, கடினமான முறுக்கு, கரும்பு, ஐஸ்கட்டி, நல்லி எலும்பு ஆகியவற்றைக் கேப் போட்ட பக்கம் கடிக்காதீர்கள். பாட்டில் மூடி திறக்கப் பல் எதற்கு?

6. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி இரவில் மாட்டும் காப்புத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

7. தற்காலிகக் கேப் இருக்கும் நாட்களில் பசைபசையான அல்வா, சூயிங்கம் வேண்டாம். ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். அது கழன்றால் அலட்சியமாக இருக்காதீர்கள், அக்கம்பக்கத்துப் பல் நகர்ந்தால் புதுக் கேப் பொருந்தாது.

8. கேப் ஆடினாலோ, வாயில் கெட்ட வாடை, ருசி வந்தாலோ, ஓரத்தில் ஈறு சிவந்தாலோ, சாப்பாடு புதிதாக அங்கே மாட்டத் தொடங்கினாலோ, வலி இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள். கழன்று வந்துவிட்டால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் விற்கும் ஒட்டுப்பசை போட்டு நீங்களே ஒட்டாதீர்கள்.

9. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. டாக்டர் உங்கள் வாயைப் பார்த்து இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால் அதன்படி செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், மாத்திரையால் வாய் உலர்கிறவர்களும் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எச்சில் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறையும்.

இனி "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதற்கு வருகிறேன். உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், 5 ஆண்டு முடிவில் 100க்குச் சுமார் 95 நிலைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். 10, 15 ஆண்டுகள் வருவது சகஜம், அதைத் தாண்டியும் வரும். கியாரண்டி அட்டையை நன்றாகப் படித்துப் பாருங்கள். அது கேப் என்ற பொருளுக்குத் தந்தது. உள்ளே இருக்கும் உங்கள் பல்லுக்கு எந்தக் கம்பெனியும் கியாரண்டி தராது.

இன்று இரவு படுக்கப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் ஒதுக்கி, உங்கள் கேப்பின் ஓரக் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கே பிரஷ் போகும்? வீட்டில் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் கேப்போடு இருந்தால் அவர்களுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். கண் மங்கியவர்களும் கை நடுங்குகிறவர்களும் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கேப் எத்தனை வருஷமாக இருக்கிறது, எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நம் பள்ளியில் படித்துப் பல் மருத்துவரானவர்கள் இரண்டு மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் திருத்தவோ சேர்க்கவோ ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இந்த முறை நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.